மன்னவனூர் ஏரிக்கு மருமகளோடு

டிசம்பர் 24, செவ்வாய். வத்தலக்குண்டு

பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்றை நீட்டி, சுடிதாருக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள் இந்து. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு இது தேவையா? அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்களெல்லாம் சைக்கிள் பழகிய காலத்தில் பழகியவள் நான். சேலையைச் செருகிக்கொண்டு, பின்னால் சத்துமாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு, வேலையில் இருந்த வரை அங்கன்வாடிக்கு மிதித்திருக்கிறேன். அப்போது பஞ்சு யார் கொடுத்தார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னை எதற்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் விளங்கவில்லை. இந்துமதி என் மருமகள். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். என் மகன் கதிரேசன் மாரடைப்பில் போய் நாலு வருஷம். அதற்குப் பிறகு இவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு குழுவோடு கோட்டை, குளம், சமணர் படுக்கை என்று கிளம்பிவிடுவாள். இந்த அரையாண்டு விடுமுறைக்குத் தாண்டிக்குடி, கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் ஏரி என்று வழி போட்டாள். குழுவோடு போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"நீங்களும் வாங்கத்தை" என்றாள்.

"நான் எதுக்குடி?"

"பேசிக்கிட்டே போலாம்."

வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். பேசுவதற்கு மலை ஏற வேண்டுமா?

போன மாதம் கதிரேசன் திதிக்கு வந்த என் நாத்தனார், "சின்னப் பொண்ணு, எத்தன நாளைக்கு இப்படியே வச்சிருக்கப் போற" என்று ஆரம்பித்தாள். இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றி வாயை அடைத்தேன். இந்து போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? இதைப் பற்றி எழுத வேண்டாம்.

வழிகாட்டியாக ஒரு பையன் வந்திருக்கிறான். ஜோதிமுருகன், பண்ணைக்காட்டுக்காரன். முப்பத்தெட்டு வயது இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. விடுமுறை நாட்களில் இப்படி ஆட்களை மலைக்கு அழைத்துப் போவானாம். எனக்கென்று பேட்டரி சைக்கிள் கொண்டுவந்திருக்கிறான்.

"நீங்க மிதிச்சா அதுவும் சேந்து மிதிக்கும்மா. ஏத்தம் தெரியாது" என்றான்.

டிசம்பர் 25, புதன். தாண்டிக்குடி

ஏற்றம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பஞ்சுக் கால்சட்டையை இந்துவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் சிரிக்காமல் கொடுத்ததற்கு ஒரு நன்றி.

பட்டிவீரன்பட்டி தாண்டி மலை தொடங்கியதும் வெயிலே இல்லை. இருபுறமும் காப்பித் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. பேட்டரி சைக்கிளை மிதித்தால் பின்னால் யாரோ முதுகைத் தொட்டுத் தள்ளுவது போல இருக்கிறது. முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இந்துவும் அந்தப் பையனும் சாதா சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்கள். நான் முன்னால் போய் வளைவில் நின்று, "என்ன, முடியலையா?" என்று கேட்டது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

வழியில் டீக்கடையில் ஜோதிமுருகன் மூன்று டீ சொன்னான். "அம்மாவுக்குச் சர்க்கர வேணாம். சூடு கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்றான். நான் சர்க்கரை போடாமல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவள் என்று இவனுக்கு யார் சொன்னது? கேட்டால், இந்து குனிந்து சக்கரத்தில் காற்று பார்க்கிறாள். காலையில்தான் பார்த்தாள்.

சாயங்காலம் கற்திட்டைகளைப் பார்க்கப் போனோம். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காகக் கட்டியது என்று இந்து வகுப்பு எடுப்பது போலச் சொன்னாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் இடம். செத்தவர்களுக்கு நல்ல இடமாகத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கதிரேசனை நாங்கள் கொண்டுபோய் வைத்த இடத்துக்கு எதிரே செங்கல் சூளை. கொஞ்ச நேரம் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஜோதிமுருகன் தூரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருக்கிறான். நல்ல பையன். வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 26, வியாழன். கொடைக்கானல்

கால் என்னுடையது போல இல்லை. ஆனால் இன்று ஒரு நல்ல யோசனை வந்தது.

பண்ணைக்காடு வழியாக வந்தோம். "எங்க வீடு இங்கதாம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம். அம்மா மட்டுந்தான் இருக்காங்க" என்றான் ஜோதிமுருகன். நான் சரி என்று சொல்வதற்குள் இந்து, "இப்ப வேணாம் சார், நேரமாயிரும்" என்று வேகமாகச் சொன்னாள். பசி நேரத்தில் சோறு கிடைக்கிற வீட்டை விட்டுவிட்டு வருவதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்று தெரியவில்லை.

அப்போதுதான் தோன்றியது. முப்பத்தெட்டு வயது, வேலை இருக்கிறது, வீட்டில் அம்மா மட்டும், குடி கிடையாது, கல்யாணம் ஆகவில்லை. கறம்பக்குடி அண்ணன் தன் மகள் சங்கீதாவுக்கு ஐந்து வருஷமாக மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய்கிறான். கண்முன்னால் ஒருவன் எனக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

பெருமாள்மலைக்கு முன்னால் ஏற்றத்தில் இந்துவின் பக்கத்தில் வந்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"பையன் எப்படி இந்து? உனக்குப் பழக்கம்தானே?"

அவள் கியரை மாற்றினாள். அப்புறம், "நல்லவருதான். ஏன் கேக்குறீங்க?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏற்றம் அப்படி.

"நம்ம சங்கீதாவுக்குக் கேட்டா என்ன?"

சைக்கிளை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, கொடைக்கானல் ஏரி வரைக்கும் திரும்பியே பார்க்காமல் போய்விட்டாள். பேட்டரி வைத்திருக்கிற என்னாலேயே பிடிக்க முடியவில்லை.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? சங்கீதாவுக்கும் இவளுக்கும் ஏதாவது மனஸ்தாபமா? போன பொங்கலுக்குக் கூட இருவரும் சேர்ந்து கோலம் போட்டார்களே.

டிசம்பர் 27, வெள்ளி. கொடைக்கானல்

மழை. துணி எதுவும் காயவில்லை. இந்து பேசவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "நம்ம ஆளுகளா?" என்று கேட்டான். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நல்ல பையன் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது என்றேன். யோசித்துவிட்டு, ஜாதகத்தை வாங்கி அனுப்பு என்றான்.

டிசம்பர் 28, சனி. பூம்பாறை

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கொடைக்கானலைத் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிட்டது. கேரட் கழுவுகிற தொட்டி, பூண்டு மூட்டை ஏற்றுகிற லாரி, வளைவுக்கு வளைவு பனி. பூம்பாறையை மேலிருந்து பார்த்தால் வீடெல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டு முடித்து இந்து பிராகாரம் சுற்றப் போனாள். இதுதான் சமயம் என்று ஜோதிமுருகனைப் படியில் உட்கார வைத்தேன்.

"தம்பி, உனக்கு ஜாதகம் இருக்கா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்கும்மா?"

"எங்க அண்ணன் மக ஒருத்தி இருக்கா. எம்.காம். நல்ல நிறம். அதிகம் பேச மாட்டா."

ஒரு நிமிஷம் கையைப் பிசைந்தான். அப்புறம், "அம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நான் ஒருத்தங்ககிட்ட என் மனசச் சொல்லிட்டேன். அவங்க பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றான்.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமாவா? என்ன பொண்ணுப்பா அது? சரின்னு சொல்லணும், இல்ல ஆகாதுன்னு சொல்லணும். ஆம்பளப் புள்ளைய இப்படியா தொங்கல்ல விடுறது?"

"அவங்களுக்குச் சம்மதந்தாம்மா. ஒருத்தரக் கேக்கணுங்கிறாங்க. அவங்களுக்குப் பிடிக்கலேன்னா வேணாங்கிறாங்க."

"அப்பாவையா?"

"அப்பா இல்ல."

"அம்மாவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா மாதிரி" என்றான்.

அந்தப் பெண் மீது எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்றவள் கூட இல்லை, யாரோ ஒரு பொம்பளையின் வாய்க்காக இந்த நல்ல பிள்ளையை ஒரு வருஷம் காக்க வைத்திருக்கிறாள். "அந்தப் பொம்பளகிட்ட நான் வேணா வந்து பேசட்டுமா தம்பி?" என்று கேட்டேன். அவனுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

இந்து பிராகாரம் சுற்றி வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விபூதி கொடுத்தேன். பூசிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. என்ன சொல்வது?

டிசம்பர் 29, ஞாயிறு. மன்னவனூர்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. குளிர் என்று வைத்துக்கொள்கிறேன்.

மன்னவனூர் ஏரி சின்னதுதான். சுற்றிலும் புல்வெளி வழித்துவிட்டது போல இருக்கிறது. ஏரிக்கு மேலே ரோட்டில் ஒரு டீக்கடை. இந்துவும் ஜோதிமுருகனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. நான் எதிரே ஸ்டூலில். ஒரு பன்னுதான் மிச்சம் இருந்தது. இந்து அதை வாங்கினாள். ஏரியைப் பார்த்துக்கொண்டே இரண்டாகப் பிய்த்தாள். மேல்பாகத்தைத் தான் வைத்துக்கொண்டு அடிப்பாகத்தைப் பக்கத்தில் நீட்டினாள். அவனும் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காமலே கையை நீட்டி வாங்கி டீயில் தோய்த்தான்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

சர்க்கரை இல்லாத டீ. பண்ணைக்காட்டு வீடு. ஒரு வருஷம். அம்மா மாதிரி. எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் விழுந்தது. நேற்று அவன் முன்னால் உட்கார்ந்து அந்தப் பொம்பளையிடம் பேசட்டுமா என்று கேட்டேனே, அந்தப் பொம்பளை நான்தான்.

எழுந்தேன். சைக்கிளை எடுத்தேன். "எங்கத்தை?" என்றாள் இந்து. பேட்டரியை உச்சத்தில் வைத்து மிதித்தேன். எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்க்கவில்லை. இறக்கம், ஏற்றம், மறுபடி இறக்கம். அழுதேனா என்று கேட்டால், காற்று அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் பேட்டரி செத்துவிட்டது. அது செத்தால் அந்தச் சைக்கிளைத் தள்ளுவதும் எருமையைத் தள்ளுவதும் ஒன்று. இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரம். ஆள் அரவம் இல்லை. நடுரோட்டில் நின்றேன்.

இந்து தனியாக வந்தாள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எத்தன நாளாடி?" என்றேன்.

"ஒங்கள ஏமாத்தணும்னு இல்லத்தை."

"எத்தன நாளா?"

"அவரு கேட்டு ஒரு வருஷமாச்சு. நான் இன்னும் சரின்னு சொல்லல. ஒங்களக் கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். ஒவ்வொரு ஏத்தத்துலயும் கேட்டுரலாம்னு நெனப்பேன். மூச்சு வாங்கும். எறக்கத்துல கேக்கலாம்னு பாத்தா நீங்க பறந்துருறீங்க. அப்புறம் நீங்க சங்கீதாவுக்குப் பேச ஆரம்பிச்சுட்டீங்க."

"வீட்டுல கேக்குறதுக்கு என்ன? வாய் இல்லையா?"

"வீட்டுல ஒங்க மகன் போட்டோ இருக்கு. அதுக்குக் கீழ நின்னு எப்படிக் கேப்பேன்?"

சைக்கிளுக்கு ஸ்டாண்டைப் போட்டேன். "நான் வேணாம்னா?" என்று கேட்டேன்.

"வேணாம்னு அவர்ட்ட சொல்லிருவேன். ஒங்க கூடவே இருந்துருவேன். ஒரு நாளும் அதச் சொல்லிக் காட்ட மாட்டேன்."

சொன்னால் செய்வாள். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். அதுதான் பயமாக இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உனக்கு வேண்டுமென்றால் போ, வேண்டாம் என்றால் இரு. தூக்கி என் தலையில் ஏன் வைக்கிறாய்? இதை அவளிடம் சொல்லவில்லை. "சைக்கிளப் பிடி" என்றேன். அவள் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நான் முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ள, திரும்பி வந்தோம்.

டிசம்பர் 30, திங்கள். கொடைக்கானல்

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்தேன். தெளியவில்லை.

அவர்கள் வேறு ஆட்கள். அண்ணன் குதிப்பான். ஆனால் சங்கீதாவுக்கு என்றபோது அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னவள் நான்தானே? சரி, அதை விடுவோம். ஊர் என்ன சொல்லும்? ஊர் எனக்கு நாலு வருஷமாக ஒரு வேளை சோறு போட்டதா? அதையும் விடுவோம்.

கதிரேசன் என்ன நினைப்பான்? அவன் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. அவன் இல்லாததால் அவனைக் கேட்க முடியவில்லை. இதையே சுற்றிச் சுற்றி யோசித்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

நிஜத்தைச் சொன்னால் எனக்கு எல்லோரையும் விட என்னைப் பற்றித்தான் கவலை. பள்ளிக்கூடம் விட்டு அவள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அந்தச் சத்தம் இல்லை என்றால் எத்தனை மணிக்கு எழுந்து, எதற்காகச் சமைப்பது? அவளுக்கு முப்பத்திநாலு வயது. எனக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டைத் திறந்துகொண்டிருக்க வேண்டுமா? வேண்டும் என்றுதான் என் மனசு சொல்கிறது. வெட்கமாக இருக்கிறது.

இன்று முழுக்க ஜோதிமுருகன் நூறு அடி பின்னாலேயே வந்தான். நான் நின்றால் நின்றான். சாப்பிடக்கூட எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. அவனைப் பார்த்தாலும் எரிச்சல். பார்க்காவிட்டாலும் சாப்பிட்டானா என்று இருக்கிறது.

டிசம்பர் 31, செவ்வாய். வத்தலக்குண்டு

என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இறங்கும் வழியில், "பண்ணைக்காட்டுல அவன் வீட்டுக்குப் போவோம். ஆளப் பாக்கணும்" என்றேன். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று பார்க்கத்தான் போனேன். இது இந்துவுக்குத் தெரியாது.

அவன் அம்மா பெயர் பொன்னுத்தாய். என்னை விடப் பெரியவர். முற்றத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தார். மகன் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். இந்துவும் அவனும் வெளியே சைக்கிள் பக்கத்தில் நிற்க, என்னை உள்ளே உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. எம்மகனுக்கு இது மொதக் கல்யாணம். அந்தப் பொண்ணுக்கு அப்பிடி இல்ல. நாலு பேரு கேப்பாகள்ல?"

நான் தேடி வந்த காரணம் அதுதான். கையில் கொடுத்துவிட்டார். ஆமாம்மா, நீங்கள் சொல்வது சரி என்று எழுந்து வந்திருந்தால் கதை முடிந்தது. இந்து என்னோடு வந்திருப்பாள்.

"நாலு பேரு என்ன கேப்பாங்க?" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எங்க பொண்ணுக்கு என்ன கொறச்சல்? சொல்லுங்க, கேப்போம். படிப்பு இல்லையா? வேல இல்லையா? எம்மகன் போனப்ப எனக்கு எழுந்திரிக்க முடியல. என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அவ அழுகைய எனக்குக் காட்டாம வச்சிருந்தவ. இப்படி ஒருத்திய நீங்க விளக்கு வச்சுத் தேடினாலும் கெடைக்காது. ஒங்க மகனுக்குத்தான் முப்பத்தெட்டு ஆச்சு. நாங்க யோசிக்கணும், நீங்க இல்ல."

பொன்னுத்தாய் என்னையே பார்த்தார். "நீங்க மாமியாராச்சே. நீங்களே அந்தப் பொண்ணக் குடுக்கப் பேசுறீக. அதுதான் எனக்குப் புரியல."

"எனக்கும் புரியல. ஆனா அவளக் கொறச்சுப் பேசினா கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

"நான் எங்க கொறச்சுப் பேசினேன்? கேக்கத்தான செஞ்சேன்."

"கேட்டதே கொறச்சல்தான்."

இப்படியே போயிற்று. காப்பி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "சரி தாயி. பொண்ணு பாக்க எங்க வர? அது அம்மா வீட்டுக்கா?"

"அங்க எதுக்கு? பொண்ணு எங்க வீட்டுலதான இருக்கு. மார்கழி போகட்டும், புதுக்கோட்டைக்கு வாங்க. ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் அவ என்னைப் பாக்க வர்றத யாரும் ஏன்னு கேக்கக் கூடாது." சேலை என்ற நினைப்பில் முந்தானையைத் தேடினேன்.

"யாரு கேக்கப்போறா?" என்று சொல்லிவிட்டு, ஆறின காப்பியை எடுத்துப்போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியே வந்தேன். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். "தையில வர்றாங்க" என்றேன். சைக்கிளில் ஏறிவிட்டேன்.

சண்டையில் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்து என் மருமகளை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இறக்கத்தில் அழுதால் ரோடு தெரியாது. அதனால் பிரேக்கைப் பிடித்து, ஓரமாக நின்று, அழுதுவிட்டு, மறுபடி இறங்கினேன். அப்புறம் மறுபடி நின்றேன். வத்தலக்குண்டு வரைக்கும் இதே கதை. நான் நின்ற இடத்தில் எல்லாம் இந்துவும் பின்னால் நின்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஜனவரி 1, புதன். புதுக்கோட்டை

பஸ்ஸில் வந்தோம். உடம்பெல்லாம் வலி. அண்ணனுக்கு நாளை சொல்லிக்கொள்ளலாம்.

பத்திரமாக வந்து சேர்ந்தோமா என்று மாப்பிள்ளை போன் செய்தார்.